சலைன் பாட்டிலிடம் தோற்கும் ரேடியோ அலை

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில், மருந்து தீர்ந்துபோவதைவிட மோசமான ஒன்று உண்டு. அலமாரியின் பின்வரிசையில் கிடந்து, யார் கண்ணிலும் படாமலே காலாவதியாவது.

இதற்கு மலிவான மருந்து பார்கோடு. மருந்து அட்டைகளில் சதுரமாகத் தெரியும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளுக்கு டேட்டா மேட்ரிக்ஸ் என்று பெயர். அதற்குள் 17 என்ற முன்னெண் வந்தால் அடுத்த ஆறு இலக்கங்கள் காலாவதி நாள்: 271130 என்றால் 2027 நவம்பர் 30. முன்னெண் 10 வந்தால் பேட்ச் எண். இரண்டு பருவமழையும் நனைக்கும் குமரி மாவட்டத்தில் பெட்டி ஈரத்தில் ஊறி, சதுரத்தில் ஒரு பகுதி அழிந்தாலும் பெரும்பாலும் படித்துவிடலாம். பிழை திருத்தும் கூடுதல் தகவலும் சேர்ந்தே அச்சாகிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் 300 முன்னணி மருந்து பிராண்டுகளில் பார்கோடோ கியூஆர் கோடோ கட்டாயம்.

ஆனால் ஸ்கேனருக்குக் கோடு கண்ணில் பட்டாக வேண்டும். பொருளில் ஒட்டும், சில்லு பதித்த ரேடியோ பட்டைக்கு (ஆர்எஃப்ஐடி) அந்தத் தேவை இல்லை. பேட்டரியே இல்லாத அந்தச் சில்லு, ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, அதே அலையை ஏற்ற இறக்கத்தோடு திருப்பி அனுப்பித் தன் எண்ணைச் சொல்கிறது. நூறு பட்டைகள் ஒரே நேரத்தில் பேசினால் குளச்சல் மீன் ஏலம்தான்! அதனால் ஒவ்வொன்றும் குத்துமதிப்பாக ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, தன் முறை வரும்வரை காத்திருக்கும்.

சிக்கல் சலைனில் இருக்கிறது. சில மீட்டர் தூரம் எட்டும் பட்டைகளுக்கு இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. இந்த அலையை உப்பு நீர் விழுங்கிவிடும். நீரை ஒட்டியிருக்கும் ஆன்டெனாவின் சுருதியும் பிசகும். ஸ்டீல் அலமாரியோ அலையை உள்ளே விடாமல் திருப்பியடிக்கும். பட்டையைப் பாட்டிலின் கழுத்தில், திரவத்திலிருந்து விலக்கி ஒட்டினால் ஓரளவு தப்பிக்கலாம். இல்லையென்றால் 13.56 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். அங்கே வேலை செய்வது காந்தப்புலம், அதை நீர் அவ்வளவாகத் தடுக்காது. ரத்தப் பைகளுக்கு இதுவே தோது. ஆனால் தூரம் ஒரு மீட்டரைத் தாண்டுவது கடினம்.

பாராசிட்டமால் அட்டைக்கெல்லாம் சில்லு ஒட்டுவது, என் கணக்கில், வீண் செலவு. அங்கே அச்சு மையே போதும். இதய ஸ்டென்ட் வைத்த அலமாரி என்றால் கதை வேறு: எடுத்த நொடியிலேயே அது இருப்பிலிருந்து கழியும், எந்த நோயாளிக்கு என்பதையும் அதோடு பதிந்துவிடலாம். பின்னொரு நாள் கம்பெனி அந்த பேட்ச்சைத் திரும்பப் பெற்றால், யாரைக் கூப்பிட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்ற பட்டியல் அன்றே கையில் கிடைக்கும்.