தோட்ட வீட்டுக்குப் புதிய மின்னிணைப்பு: கடிதமும் எர்த் கம்பியும்

இலங்கையின் மலையகத் தோட்டத்தில், லயம் எனப்படும் வரிசை வீட்டில் குடியிருப்பவர் தம் பெயரில் மின்மானி கேட்கும்போது முதலில் இடிப்பது உரிமை ஆவணம். காணி அவருடையது அல்ல. 1992 முதல் பெரும்பாலான தோட்டங்களைக் கம்பனிகளே நடத்துகின்றன. எனவே, காணி உறுதிப் பத்திரம் இல்லாத இடத்தில் தோட்ட நிர்வாகத்தின் ஆட்சேபனையின்மைக் கடிதமும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழும்தான் கைகொடுக்கின்றன.

அந்தக் கடிதத்தில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஹட்டன் பக்கத்துக் குடும்பம் ஒன்றுடன் நானும் அலைந்திருக்கிறேன். விண்ணப்பம் மகன் பெயரில் இருக்க, கடிதம் தகப்பனார் பெயரில் இருந்ததால் முதல் முறை திருப்பினார்கள்; லய இலக்கம் எழுதப்படவில்லை என்று இரண்டாம் முறை; கையெழுத்திட வேண்டியவர் விடுமுறையில் என்று மூன்றாம் முறை; நான்காம் முறை போனபோது கடிதத்தின் திகதி பழையதாகிவிட்டது என்றார்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் தாய்க்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனது. குறைகள் எல்லாவற்றையும் முதல் நாளே ஒன்றாகச் சொல்லியிருக்க முடியும்.

ஆகவே கடிதம் வாங்கியதும் அங்கேயே நின்று, பெயர், முதலெழுத்து, அடையாள அட்டை இலக்கம், லய இலக்கம், திகதி ஆகியவற்றை அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தைத் திருப்பினால் குறையை எழுத்தில் கேளுங்கள். தமிழும் அரச கரும மொழி என்பதால் தமிழிலேயே பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. காரணமின்றி இழுத்தடித்தால் இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

காகிதம் சரியான பிறகும் வயரிங்கில் தவறலாம். கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பியை நமது வீடுகளில் வீட்டுக்காரர்தான் நிலத்தில் இறக்க வேண்டும். கல் நிறைந்த மலைச்சரிவில் கம்பி இறங்காதபோது, பாதியை வெட்டிவிட்டு மீதியை மண்ணில் குத்திவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட எர்த்தின் தடை 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கேத்தலின் உடலில் 230 வோல்ட் ஏறினால் நிலத்துக்குப் பாய்வது ஆறு அம்பியருக்கும் குறைவு. 16 அம்பியர் பிரேக்கர் அசையவே அசையாது. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் என்பது இதனால்தான்.

மழைக்காலத்தில் சுவர் நனைந்து ட்ரிப் அடிக்கடி விழும். அதைக் கழற்றி நேரடியாக வயர் கொடுத்துத் தருவதாகச் சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். விழுவது எங்கோ மின்சாரம் கசிகிறது என்பதற்கான அறிகுறி, கண்டுபிடிக்க வேண்டியது அந்தக் கசிவை. தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் கூடாது. ஒரே பைப்பில் தண்ணீர் பிடிக்கும் லயத்தில் ஒரு வீட்டின் கோளாறு அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையில் அடிக்கும். நடுவே பிளாஸ்டிக் குழாய் இருந்தால் அது எர்த்தாகவே இராது. நியூட்ரல் வயரை எர்த்தோடு முடிச்சுப் போடுவது இன்னும் மோசம், ஏனெனில் வெளியே நியூட்ரல் அறுந்தால் வீட்டிலுள்ள இரும்பெல்லாம் உயிர்பெறும்.

ட்ரிப் சுவிட்சில் உள்ள சிறிய சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள்; டக்கென்று விழ வேண்டும். ஆனால் எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். பொத்தானை அழுத்திக் காட்டிவிட்டு எர்த் சரி என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். எர்த்தைக் கருவி வைத்து அளந்து, அளவைத் தம் பெயரும் கையெழுத்தும் இட்டு எழுதித் தரும் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரையே பிடியுங்கள். மின்சாரம் வழங்கும் நிறுவனத்திலிருந்து பரிசோதிக்க வருபவர்களுக்கும் அந்தத் தாளைக் காட்டலாம்.

இணைப்பு தாமதமாகிறதே என்று பக்கத்து அறையிலிருந்து வயர் இழுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மெல்லிய வயர் தகரக் கூரையில் உரசித் தோல் கிழிந்தால், மழை இரவில் கூரை முழுவதும் மின்சாரம் ஏறிவிடும்.