கோஸ்ட் சைன்: சுவரெழுத்துச் சுவடு

அமெரிக்க நகரங்களின் பழைய செங்கல் கட்டடங்களில், மாவு, சோப்பு, புகையிலை முதலியவற்றுக்காகச் சுவரின்மேல் நேரடியாகத் தீட்டப்பெற்று, பின்னர் எவரும் புதுப்பிக்காமையால் மங்கிப்போன விளம்பர எழுத்துகளையே ‘கோஸ்ட் சைன்’ என்பர். அந்நாளைய எண்ணெய் வண்ணத்தில் ஈயம் கலந்திருந்ததே அவை இத்தனை காலம் நிற்பதற்குப் பெருங்காரணம். ஊர் ஊராகச் சென்று இவற்றைப் படம் பிடிப்போருள், நனைந்த சுவரில் எழுத்து துலங்கும் என்பதால் மழைக்குக் காத்திருப்போரும் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய இரண்டு விளம்பரங்களில் மேலது தேய்ந்து கீழது எட்டிப்பார்க்கும்போது, யாரும் எழுதாத சொல்லொன்று சுவரில் தோன்றிவிடும். படக்காரர்களுக்கு அதுவே வேட்டை.

‘கோஸ்ட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘காஸ்ட்’ என வழங்கி, மூச்சையும் உயிரையும் குறித்தது. ஜெர்மன் மொழியின் ‘கைஸ்ட்’ அதன் உறவுச் சொல். ‘சைன்’, குறி எனப் பொருள்படும் ‘சிக்னும்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. பிறப்பை மட்டும் நோக்கினால், மூச்சு, உயிர், இறந்தவர் உரு ஆகிய மூன்றையும் சுட்டும் நம் ‘ஆவி’யே ‘கோஸ்ட்’ என்பதற்கு மிக நெருங்கியது. ஆனால் ‘கோஸ்ட் சைன்’ என்பதை ‘ஆவிப் பலகை’ எனத் தமிழாக்கினால் கேட்பவர் மாந்திரீகத்தை நினைப்பார். மேலும், இங்கே பலகையே இல்லை. நடந்தவர் போனபின்னும் மண்ணில் நிற்கும் தடத்தைச் ‘சுவடு’ என்கிறோம். கடை போனபின்னும் சுவரில் நிற்பதற்கும் அச்சொல்லே பொருந்தும். ஆகவே ‘சுவரெழுத்துச் சுவடு’ என்பதே என் தேர்வு.

சாலையோர எழுத்துகளைக் கலைப்பொருளாகப் பார்த்த ஒளிப்படக் கலைஞர்களுள் வாக்கர் எவான்ஸ் முதன்மையானவர். 1930களில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் கடைப் பெயர்களையும் சுவரொட்டிகளையும் படமாக்கிய அவர், 1970களில் போலராய்டு கேமராவால் தனித்தனி எழுத்துகளையே நெருங்கி எடுத்தார். சில பலகைகளைக் கழற்றி வீட்டுக்கும் கொண்டுபோனார். அவர் எடுத்தவை யாவும் சுவடுகள் அல்ல. பல, அன்றைக்குப் பயனிலிருந்த விளம்பரங்களே.

இவ்வேறுபாட்டை ‘மெயில் பவுச்’ என்னும் புகையிலையின் விளம்பரம் தாங்கிய களஞ்சியங்களில் தெளிவாகக் காணலாம். ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியாப் பகுதிகளில், விளம்பரம் எழுத இடம் தந்த உழவரின் மரக்களஞ்சியத்துக்கு நிறுவனமே வண்ணம் பூசித் தந்தது. அப்பணியில் பல்லாண்டுகள் ஈடுபட்ட ஹார்லி வாரிக், ஏறத்தாழ 20,000 களஞ்சியங்களில் எழுதியதாகக் கூறுவர். அவற்றுள் மங்கி நிற்பவை மட்டுமே சுவரெழுத்துச் சுவடுகள். அன்பர்கள் மீண்டும் வண்ணம் தீட்டிப் பளிச்சென்று ஆக்கியவற்றுக்கு அப்பெயர் பொருந்தாது.