பன்னீர் ரோஜா மட்டும் ஏன் இப்படி மணக்கிறது?

போன தை மாதம் ஓசூரிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் ஒரு கட்டு ரோஜா கொண்டுவந்தான். இருபது பூ, எல்லாமே தாஜ்மஹால் ரகம். காம்பு முழ நீளம், மொட்டு ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி. அம்மா வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோனார், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். வாசனை என்று சொல்ல எதுவுமே இல்லை. அதே நேரத்தில் சாமி படத்துக்கு முன்னால் தட்டில் நாலே நாலு பன்னீர் ரோஜா கிடந்தது. அதன் மணம் கூடம் வரை வந்திருந்தது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு ரோஜாவைக் குறை சொல்ல மனசு வராது. ஓசூர், பாகலூர், தளி பக்கம் பசுமைக்குடிலில் விளையும் ரோஜா காதலர் தினத்துக்கு வெளிநாடு வரை போகிறது. ஆனால் அந்தப் பூவுக்கும் எங்கள் கிணற்றடிப் பன்னீர் ரோஜாவுக்கும் என்ன வித்தியாசம் என்பது எனக்கு நெடுநாள் கேள்வி. செடியை வளர்த்துக்கொண்டே தேடிப் படித்ததில் கொஞ்சம் தெளிந்தது.

ஒரு பன்னீர் ரோஜா இதழை எடுத்து இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். மேல்பக்கம் வெல்வெட் மாதிரி இருக்கும், அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். மேல்தோலில் இருக்கும் செல்கள் ஒவ்வொன்றும் நுண்ணிய கூம்பு போல நிமிர்ந்து நிற்பதால்தான் அந்த வெல்வெட். வாசனை பெரும்பாலும் இதழின் தோலில்தான் தயாராகிறது. புட்டியில் அடைத்த அத்தர் போல எப்போதோ செய்து வைத்த சரக்கு இல்லை. மொட்டு விரிய ஆரம்பிக்கும்போதுதான் உற்பத்தி வேகம் பிடிக்கும். இதழ் வதங்கினால் அதோடு சரி.

ரோஜா மணத்தில் 300-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருப்பதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் மூக்கு "ரோஜா" என்று அடையாளம் காண முக்கியமாகச் சிலது போதும். ஃபீனைல் எத்தனால் ஒன்று. பருப்பிலும் பாலிலும் நாம் சாப்பிடும் ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் செடி இதைச் செய்கிறது. ஜெரனியோல், சிட்ரோனெல்லோல் இரண்டும் இன்னொரு குடும்பம். இனிப்போடு லேசான எலுமிச்சைச் சாயல் தருபவை. டமாஸ்கினோன் என்று ஒன்று, ரோஜா எண்ணெயில் துளியூண்டுதான் இருக்கும், ஆனால் அந்தத் துளியை மூக்கு கோட்டை விடாது.

இதில் ஜெரனியோல் கதைதான் என்னை அசத்தியது. பொதுவாகச் செடிகள் இந்த மாதிரி வாசனைப் பொருளைச் செய்ய டெர்பீன் சிந்தேஸ் என்ற நொதி வகையைப் பயன்படுத்தும். ரோஜாவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தார்கள். 2015-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஆராய்ச்சிக் குழு ஒன்று 'பாப்பா மெய்யான்' என்ற மணமுள்ள ரகத்தையும் 'ரூஜ் மெய்யான்' என்ற மணமில்லாத ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த ஜீன் எதில் வேலை செய்கிறது என்று பார்த்தது. வந்த விடை யாரும் எதிர்பாராதது. ரோஜாவில் ஜெரனியோல் உருவாக வழி செய்வது நுடிக்ஸ் குடும்பத்து நொதி ஒன்று. அந்தக் குடும்பத்தில் பல நொதிகளின் வழக்கமான வேலை, செல்லுக்குள் கெட்டுப்போன மூலக்கூறுகளைத் துப்புரவு செய்வது. துப்புரவு வேலைக் குடும்பத்தில் பிறந்த ஒன்றை ரோஜா மணம் செய்ய வைத்திருக்கிறது! மணமில்லாத ரகத்தில் அந்த ஜீன் ஏறக்குறைய வாய் திறக்கவே இல்லை.

கடை ரோஜா ஏன் மணப்பதில்லை என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. காம்பு நீளம், நிறம், பெட்டியில் கசங்காமல் போவது, தண்ணீரில் பத்து நாள் நிற்பது என்று பார்த்துப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். மணத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கவனிக்காத குணம் வழியிலேயே கழன்றுபோயிற்று.

பன்னீர் ரோஜா அந்தப் போட்டிக்கே போகாத செடி. நம் பக்கம் பன்னீர் ரோஜா என்று விற்பதில் பெரும்பாலானது எட்வர்ட் ரோஜா. இந்தியப் பெருங்கடலில் இன்று ரீயூனியன் என்று சொல்லும் தீவுக்கு முன்பு பூர்போன் என்று பேர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வேலியாக நட்டிருந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து தானாக முளைத்த செடிகளின் வம்சம் இது. டமாஸ்க் பக்கத்திலிருந்து மணம் வந்தது. சீன ரோஜாவிடமிருந்து இன்னொரு கொடை: வருடம் முழுக்கப் பூப்பது. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் பழைய ரோஜாக்களில், வசந்தம் முடிந்ததும் பூப்பதை நிறுத்தி வைக்க ஒரு ஜீன் உண்டு. சீன ரோஜாவில் அந்த ஜீனுக்கு நடுவே ஒரு தாவும் டிஎன்ஏ துண்டு போய் உட்கார்ந்து அதைச் செயலிழக்கச் செய்துவிட்டது. தடை போட ஆளில்லை, அதனால் துளிர்க்கும்போதெல்லாம் பூக்கிறது.

சரி, செடிக்கு வருவோம். முதல் தடவை நான் ஏமாந்தேன். பன்னீர் ரோஜா என்று சொல்லி வாங்கிவந்த கன்று ஒட்டுச்செடி, பூத்தபோது மணமே இல்லை. இரண்டாவது தடவை பக்கத்துத் தெரு அக்கா தன் செடியிலிருந்தே குச்சி வெட்டிக் கொடுத்தார். "பேரு கேட்டு வாங்காதே தம்பி, மோந்து பாத்து வாங்கு" என்றார். இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது. பென்சில் கனம், நாலு கணு, அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டு. ஆடி மழையில் செம்மண்ணும் மணலும் கலந்து நிழலில் நட்டேன். வெட்டிய இடத்தில் முதலில் வெள்ளையாக ஒரு தழும்புத் திசு திரளும், அப்புறம் வேர் வரும். அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்த்தால் வேர் ஒடிந்துவிடும். இரண்டு குச்சியை நான் அப்படித்தான் கொன்றேன்.

அடுத்த சிக்கல் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே ஊற்ற ஊற்ற மண் காரத்தன்மைக்குப் போகும். காரமண்ணில் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், ஆனாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதுதான் காரணம். இலை வெளிறினால் சர்க்கரை குறையும், அந்தச் சர்க்கரையிலிருந்துதான் மணப்பொருள் வர வேண்டும். ஆகவே ரோஜா வாசனை இலையிலேயே ஆரம்பிக்கிறது. நான் ஓட்டு மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துச் செடிக்கு ஊற்றுகிறேன், மக்கிய தொழு உரம் தாராளமாகப் போடுகிறேன். வெளிறல் அதிகமானபோது அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளித்தேன். புதுத் துளிர் பச்சையாக வந்தது. இதோடு ஆறு மணி நேர வெயிலும் வேண்டும். நிழலில் நிற்கும் செடி ஆளுயரம் போகும், பூ தராது.

கவாத்துக்கு மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். கிளை நுனி ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பி, மற்ற மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும். நுனியை வெட்டினால் அந்தக் கட்டளை நிற்கும், கீழ் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே வெட்டினால் ஏறக்குறைய 45 நாளில் பூ. எல்லாப் புதுக் கிளை நுனியிலும் பூ என்பதால், காய்ந்த பூவை உடனுக்குடன் கிள்ளினாலே அடுத்த வரிசை வந்துவிடும்.

பறிப்பது விடியலில். வெயிலும் காற்றும் ஏறினால், இதழ் செய்வதைவிட வேகமாக மணம் ஆவியாகிப் போகும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜிலும் பல்கேரியாவிலும் அத்தருக்குப் பறிப்பவர்கள் இதனால்தான் இருட்டோடு எழுந்து போகிறார்கள். எங்கள் வீட்டிலேயே சோதித்தேன். ஆறு மணிக்கு ஒரு பூவையும், பகல் பன்னிரண்டுக்குப் பக்கத்துப் பூவையும் மூடி போட்ட தம்ளரில் பத்து நிமிடம் வைத்துத் திறந்தால், யாரும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள் எது எது என்று.

பூ நிறைய வந்த ஒரு நாள் அம்மாவோடு சேர்ந்து பன்னீர் இறக்கினேன். குக்கர் அளவு பாத்திரத்தில் இதழ், மூழ்கும் அளவு தண்ணீர், நடுவே கல் வைத்து அதன்மேல் காலிக் கிண்ணம், பாத்திரத்தின் மேல் கவிழ்த்த மூடி, மூடிக்குமேல் ஐஸ் கட்டி. ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். ஃபீனைல் எத்தனால் தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் பன்னீரில் அதுதான் முன்னால் நிற்கும். எண்ணெய்க் கூறுகள் பெரும்பாலும் மேலே மிதக்கும். பன்னீரும் ரோஜா அத்தரும் ஒரே பூவிலிருந்து வந்தாலும் வேறு வேறாக மணப்பது இதனால்தான். முதல் அரைக் கிண்ணம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் வெந்த கீரை வாசனை ஏற ஆரம்பிக்கும்.