மெய்க்காப்பு: மின்கம்பத்தில் ஏறுபவர் அணிவதற்கு என்ன பெயர்?

2020இல் கொரோனா வந்தபோதுதான் ‘பிபிஇ’ (பேர்சனல் புரொடெக்ரிவ் இக்குவிப்மென்ற்) என்ற சொல் எங்கள் வீடுகளுக்குள் நுழைந்தது. தலை முதல் கால்வரை வெள்ளையாக மூடிக்கொண்டு வந்து இறங்கியவர்களைப் பார்த்து, அந்த உடுப்பின் பெயர்தான் பிபிஇ என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும். ஒழுங்கை முனையில் ஏணி சாத்தி, கறண்ட் போன வீட்டுக்கு வயர் இழுக்கும் தொழிலாளியின் தலையிலும் கையிலும் காலிலும் இருப்பதும் பிபிஇதான். அவரை மனதில் வைத்தே இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன். அவருடைய தொழிலில் பெயர் பிழைத்தால் ஆள் பிழைப்பது கடினம்.

அலுவலகத் தமிழில் இதை ‘தனிநபர் பாதுகாப்பு உபகரணம்’ என்கிறோம். ‘நபர்’ அரபு வழி வந்தது, ‘உபகரணம்’ வடமொழி. அது எனக்குப் பிரச்சினை இல்லை. போர்த்துக்கேயர் விட்டுப்போன ‘சப்பாத்து’ இல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒருநாளும் விடியாது. எனக்குப் பிடிக்காதது ‘தனிநபர்’ இங்கே தரும் பொருள். தனிநபர் கடன், தனிநபர் வருமானம் என்று பழகிய காதுக்கு, இது அவரவர் சொந்தப் பொருள், அவரவர் காசில் வாங்குவது என்றே கேட்கும். சட்டங்கள் சொல்வது நேரெதிர். ஐரோப்பிய சமூகத்தின் 1989ஆம் ஆண்டுப் பணிப்புரை (89/656) இதைத் தொழிலாளி அணிவதற்கோ கையில் பிடிப்பதற்கோ என்று செய்யப்பட்ட பாதுகாப்புப் பொருள் என வரையறுத்துவிட்டு, வேலை கொடுப்பவரே இலவசமாகத் தரவேண்டும் என்கிறது. பிரித்தானியாவின் 1992ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் அதிலிருந்து வந்தவை.

அப்படியென்றால் ஆங்கிலச் சொல்லில் உள்ள அந்த ‘பேர்சனல்’ எதைக் குறிக்கிறது? உடம்பை. அந்த மொழியில் ஆளைக் குறிக்கும் ‘பேர்சன்’ என்ற சொல்லே ஆளின் உடலையும் குறிக்கும். வேலியும் எச்சரிக்கைப் பலகையும் எல்லாரையும் சேர்த்துக் காக்கின்றன, அணிந்துகொள்வது அணிந்தவரின் உடம்பை மட்டும் காக்கிறது. எங்கள் பத்திரிகைகள் இந்த நுணுக்கத்தை எப்போதோ பிடித்துவிட்டன. அமைச்சருக்குப் பக்கத்தில் நிற்பவரை ‘மெய்ப்பாதுகாவலர்’ என்று வடிவாக எழுதுகிறோமே, ‘தனிநபர் பாதுகாவலர்’ என்று எழுதுவதில்லையே. அதே மெய்தான் இங்கும் வேண்டும்: மெய்க்காப்பு.

பழைய தமிழில் இதற்கு இன்னும் நெருக்கமான சொல் உண்டு. பதிற்றுப்பத்து சேர மன்னனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்கிறது. அங்கே சான்றோர் என்றால் வீரர். வீரரின் உடலை மறைக்கும் கவசம் போன்றவன் என்பது பொருள். அழகான சொல், ஆனால் இன்றைக்கு ‘மறை’ என்றால் ஒருவருக்கு வேதம் நினைவுக்கு வரும், இன்னொருவருக்கு ஆணியின் புரி நினைவுக்கு வரும். தளவாட அறையில் எழுதி ஒட்டினால் சிரிப்பார்கள்.

‘கவசம்’ ஏன் கூடாது என்று கேட்கலாம். வடசொல் என்றாலும் புறநானூற்றின் 13ஆம் பாட்டிலேயே ‘புலிநிறக் கவசம்’ இருக்கிறது, ஆகவே அதைப் புதியது என்று தள்ள முடியாது. கவசம் என்றே ஒரு பாடல் வகையும் உண்டு. தலையைக் காக்க, கண்ணைக் காக்க, கையைக் காக்க என்று ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகும். மின்சாரத் தொழிலாளியின் பட்டியலும் அதே ஒழுங்கில்தான் போகிறது, அந்தப் பொருத்தம் எனக்குப் பிடிக்கும். ஆனால் கவசம் போருக்குப் போகிறவன் போடுவது. கம்பத்துக்குப் போகிறவர் மின்சாரத்தோடு சண்டைக்குப் போவதில்லை. லைனை நிறுத்தி, நிறுத்தியதைச் சோதித்து, புவித்தொடுப்பு (எர்த்) செய்து, அதற்கும் மேலே ஏதாவது தவறினால் என்றுதான் உடம்பில் போட்டுக்கொள்கிறார். நிறுத்திய லைனிலும் யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேற்றரைப் பிழையாக இணைத்து வைத்திருந்தால் கறண்ட் திரும்பி வரும். மெய்க்காப்பு கடைசி வரிசை.

‘காப்பு’ என்பதில் எங்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் காப்பு என்றால் முதலில் கையில் போடும் வளையல். கேதாரகௌரி விரதம் முடிந்து கட்டும் நூலும் காப்புத்தான். எல்லாம் ‘கா’ என்ற ஒரே வினையடியில் பிறந்தவை, காவல், காவலன் என்பவையும் அப்படியே. மின்வேலைக்கு முதல் விதி கையில் கிடக்கும் உலோகத்தைக் கழற்றுவது. ஆக, காப்பைக் கழற்றிவிட்டுத்தான் காப்பு அணியவேண்டும்.

இதே வேரில் இன்னொரு சொல் எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் கிடக்கிறது: காவலி. மின்சாரத்தைக் கடத்தாத பொருள். தமிழ்நாட்டில் மின்கடத்தாப் பொருள், மின்காப்பி என்று பலவாறு எழுதுவார்கள். நாங்கள் கடத்தி, காவலி என்று இரண்டே சொல்லில் படித்து முடித்தோம். கையில் போடுவதைப் பற்றிக் கதைக்கும்போது இந்தச் சொல்தான் உயிர்.

‘கயித்தில கட்டி விடும் தம்பி, கிளவுஸ்’ என்று மேலே இருப்பவர் கேட்டால் கீழே நிற்கும் தம்பி எதை அனுப்புவார்? கிளவுஸ் என்றால் தோட்டத்துக்குப் போடுவதும் கிளவுஸ், பாத்திரம் கழுவுவதும் கிளவுஸ். ‘இரப்பர் கையுறை’ என்று எழுதினாலும் குழப்பம் தீராது, ஏனென்றால் இரப்பராக இருப்பதெல்லாம் மின்சாரத்தைத் தாங்காது. மின்வேலைக்கான இரப்பர் கையுறைக்குச் சர்வதேச நியமத்தில் வகுப்பு உண்டு, வகுப்புக்கு ஒரு நிறமும் உண்டு. 00 வகுப்பு 500 வோல்ட் வரை, 0 வகுப்பு சிவப்பு, 1000 வோல்ட் வரை. எங்கள் வீதிகளில் ஓடும் 230, 400 வோல்ட் லைனுக்கு இவை போதும். 11 கிலோவோல்ட் என்றால் 17,000 வோல்ட் தாங்கும் மஞ்சள் நிற 2ஆம் வகுப்பு வேண்டும். 33 கிலோவோல்ட்டுக்குச் செம்மஞ்சள் நிற 4ஆம் வகுப்பு, அதன் எல்லை 36,000 வோல்ட். ஆகவே ‘காவலிக் கையுறை, 2ஆம் வகுப்பு’ என்று எழுதினால்தான் சொல் முழுமை பெறும். வகுப்பில்லாத பெயர் அரைப் பெயர்.

அதற்கு மேலே தோல் கையுறை ஒன்றும் போடவேண்டும். அது மின்சாரத்தைத் தடுக்காது, இரப்பரைக் கம்பி குத்தாமல் காக்கும். காப்புக்கு ஒரு காப்பு. ஒவ்வொரு தடவையும் போடும்முன் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்துக் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கிறார்கள், ஊசித்துளை இருந்தால் காற்று சொல்லும். வெயிலில் கிடந்தாலும் எண்ணெய் பட்டாலும் இரப்பர் கெடும். எங்கள் சித்திரை வெயிலில் வானின் முன்கண்ணாடிக்குக் கீழே காயப்போட்டு வைத்திருப்பதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும்.

இந்தக் ‘கையுறை’ என்ற சொல்லுக்கே ஒரு பழங்கதை உண்டு. அகப்பாடல்களில் கையுறை என்றால் தலைவன் தலைவிக்குக் கொண்டுவரும் பரிசு, பெரும்பாலும் தழை. தோழி அதை வாங்க மறுக்கும் துறையும், அதாவது பாடற்சூழலும், இருக்கிறது. பரிசாக இருந்தது பிற்காலத்தில் கைக்கு உறையாகிவிட்டது. வேர்க்குது என்று கையுறையை மறுக்கும் ஆட்களைப் பார்க்கும்போது அந்தத் துறை நினைவுக்கு வரும்.

தலைக்கவசம் நிலைத்துவிட்ட சொல், அதை மாற்ற வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் போடுவது வேறு, மின்வேலைக்குப் போடுவது வேறு என்று தெரிந்தால் சரி. காலுக்குக் ‘காவலிச் சப்பாத்து’ என்பேன். ‘பாதணி’ என்று எழுதினால் செருப்பும் அடங்கிவிடும்.

உடுப்பு விஷயத்தில் ஒன்று மட்டும். கம்பிகளுக்கிடையே காற்றினூடாக மின்வில் (ஆர்க்) பாய்ந்தால் அதன் வெப்பத்தில் பொலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். அதனால்தான் எளிதில் தீ பற்றாத துணி கேட்கிறார்கள். அது தாங்கும் வெப்பத்தின் அளவைச் சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கலோரி என்று துணியிலேயே குறித்திருப்பார்கள். ‘தீத்தடுப்பு உடுப்பு’ போதும்.

எனக்குச் சரியான சொல் அகப்படாதது விழுந்தால் தாங்க இடுப்பிலும் தோளிலும் தொடையிலும் மாட்டும் வார்களுக்கு, ஆங்கிலத்தில் ‘ஹார்னஸ்’. அகராதி ‘சேணம்’ என்கிறது, அது குதிரைக்கு. ‘இடுப்புப் பட்டி’ என்றால் அது பழைய பெல்ட். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளில் 1998 ஜனவரி 1 முதல், விழும் ஆளைத் தாங்க இடுப்புப் பெல்ட்டைப் பாவிக்கக் கூடாது. விழுந்தால் முழுப் பாரமும் வயிற்றில் இறங்கும். எங்கள் பனையேறும் தொழிலாளர் காலில் மாட்டுவதற்குத் ‘தளைநார்’ என்று நாலெழுத்தில் பெயர் வைத்துவிட்டார்கள், ஏறத் தொடங்கும் பையனுக்கும் அது விளங்கும். அந்த மாதிரி ‘மெய்வார்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். கம்பத்தில் நிற்பவர்கள் அதைவிட நல்ல பெயர் வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.