பிள்ளைகளிடம் இருக்கிற இரக்கத்தை நாமே அடைக்கிறோமா?

“மேடம், வசனம் எல்லாம் அருமையா சொல்வான். மனப்பாடப் போட்டியில அவன்தான் முதல் பரிசு. ஆனா தங்கச்சி விழுந்து அழுதாக்கூட திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறான்.”

திருநெல்வேலிப் பக்கம் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக இருக்கிறேன். தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பங்களிடமிருந்து இந்த வருத்தத்தை அடிக்கடி கேட்கிறேன். அப்படி வருகிற பெற்றோர் உண்மையிலேயே கலங்கிப்போய்த்தான் வருகிறார்கள். வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு, சண்டே ஸ்கூல் உண்டு, கோடை விடுமுறையில் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) உண்டு. இன்னும் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்கிறார்கள். புதிதாக எதையும் சேர்க்கவேண்டாம் என்பேன். பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிற இரக்கம் எங்கே அடைபடுகிறது என்று முதலில் தேடவேண்டும்.

இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. பிறந்த குழந்தைகூட இன்னொரு குழந்தையின் அழுகையைக் கேட்டால் தானும் அழும். ஒன்றரை வயதில் அது உதவியாகவே மாறிவிடுகிறது. பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 18 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. ஒரு பெரியவர் துணி மாட்டுகிற கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு எட்ட முடியாமல் தவிப்பார். கை நிறையப் பொருளை வைத்துக்கொண்டு அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் நிற்பார். யாரும் சொல்லாமலே பெரும்பாலான குழந்தைகள் ஏதாவது ஒரு கட்டத்தில் தத்தித் தத்திப் போய் உதவின. தேவசாயலில் படைக்கப்பட்டோம் என்று நம்புகிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அப்படியானால் எட்டு வயதில் அது எங்கே போகிறது?

நான் அதிகம் பார்க்கிற தடை அவசரம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் செய்த ஆய்வு 1973இல் வெளியானது. சபை ஊழியர் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது என் ஆசை. மாணவர்களில் ஒரு பகுதியினரை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு வேற்று இனத்தான் ஒருவன் உதவியதாக இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையைப் பற்றிப் பேசும்படி பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு வேறு தலைப்பு. போகிற வழியில் ஒருவர் வாசலில் சுருண்டு கிடந்து இருமி முனகுகிறார். நேரமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் நின்று உதவியவர்கள் 10 சதவீதம். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோமா, வேறு எதையாவது பேசப் போகிறோமா என்பது குறிப்பிடும்படியான வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. படித்தவர்கள், ஊழியத்துக்கு வந்தவர்கள், அந்த உவமையையே மனதில் வைத்துக்கொண்டு நடந்தவர்களின் நிலை இது.

நம் ஞாயிற்றுக்கிழமைக் காலையை நினைத்துப் பாருங்கள். ஆராதனை மணி அடித்தாயிற்று. வாசலில் ஒரு பாட்டி படி ஏற முடியாமல் நிற்கிறார். பிள்ளை நின்று பார்க்கிறான். நாம் கையைப் பிடித்து இழுக்கிறோம்: “வா, லேட்டாகுது.” அன்றைக்கு உள்ளே நடக்கிற பாடம் எதுவாக இருந்தாலும், வெளியே நடந்த பாடம் அவனுக்குப் பதிந்துவிடும். பத்து நிமிடம் முன்னாலேயே வீட்டைவிட்டுக் கிளம்புங்கள் என்று பெற்றோரிடம் சொல்லும்போது, இதுவா ஆலோசனை என்பதுபோலப் பார்ப்பார்கள். இதுதான். நிற்பதற்கு நேரம் இல்லாத வீட்டில் இரக்கத்துக்கும் இடம் இருக்காது.

அடுத்தது பரிசு. நல்ல காரியம் செய்தால் ஸ்டார், பத்து ஸ்டார் சேர்ந்தால் பென்சில் பாக்ஸ் என்று சில சண்டே ஸ்கூல்களில் வைத்திருக்கிறார்கள். முதலில் சொன்ன வார்னெக்கனும் டோமசெல்லோவும் 2008இல் இன்னொன்றையும் காட்டினார்கள். உதவியதற்குப் பொருள் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள் அதற்கப்புறம் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. வாயால் பாராட்டப்பட்ட குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. வசனம் ஒப்பிப்பதற்குப் பரிசு கொடுங்கள், அது வேறு. உதவி செய்ததற்குப் பொருள் கொடுக்காதீர்கள். “நீ தண்ணி எடுத்துக் கொடுத்ததும் அந்தத் தாத்தா முகம் எப்படி மலர்ந்துச்சு, பார்த்தியா?” என்பது போதும்.

இனி, முதலில் சொன்ன பையனிடம் வருகிறேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வீட்டில் தங்கச்சி அழுதால் முதலில் கேட்கிற குரல், “என்னடா பண்ணுன அவள?” அவன் பக்கத்து அறையில் இருந்திருப்பான். ஆனாலும் “சாரி சொல்லு, இல்லைன்னா இயேசப்பா அழுவார்” என்பார்கள். ஒரு கட்டத்துக்குமேல் தங்கச்சியின் அழுகை அவன் காதில் ஆபத்து மணியாகத்தான் விழுந்தது. அந்த இடத்தைவிட்டு விலகிப் போவதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கல்நெஞ்சம் மாதிரி தெரியும். உள்ளே இருந்தது பயம். பயந்துபோயிருக்கிற பிள்ளையால் இன்னொருவருடைய வலியைப் பார்க்க முடியாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான்.

பிள்ளை உண்மையிலேயே அடித்திருந்தால்? அப்போதும் ஆண்டவரைக் கோபக்காரராகக் காட்டிப் பயமுறுத்துவதால் பலன் இல்லை. தன் செயல் அடுத்தவரை என்ன செய்தது என்று பிள்ளைக்கு எடுத்துக்காட்டுவதுதான் மனதைத் தொடும் என்று மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியலாளர் பல காலம் எழுதிவந்தார். என் அனுபவமும் அதுதான். குரலை உயர்த்தாமல், ஆனால் கண்டிப்பாக, “தம்பி, நீ தள்ளினதும் பாப்பா கை கல்லுல உரசிருச்சு. அவளுக்கு எரியுது, பாரு” என்று சொல்லுங்கள். கொஞ்சம் பொறுத்து, “இப்ப என்ன செஞ்சா அவளுக்கு நல்லா இருக்கும்?” என்று கேளுங்கள். தண்ணீர் கொண்டுவரலாம், ஊதிவிடலாம், சும்மா பக்கத்தில் உட்காரலாம். சாரி என்ற சொல் அப்புறம் தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீர் கொண்டுவந்தானே.

இதுவரை சொன்னதற்கெல்லாம் பெற்றோர் தலையாட்டுவார்கள். அடுத்ததைப் பேசினால் அறையில் ஒரு இறுக்கம் வந்துவிடும். ஆனாலும் பேசியே ஆகவேண்டும்.

நல்ல சமாரியன் கதை நம் பிள்ளைகளுக்குக் கழுதைப் படத்துக்கு வண்ணம் தீட்டுகிற பாடமாக ஆகிவிட்டது. யாராவது கஷ்டப்பட்டால் உதவவேண்டும், அவ்வளவுதான் கதை என்று நினைக்கிறார்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குகிற அந்த மலைப்பாதையில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் பார்த்தான், லேவியனும் பார்த்தான், சமாரியனும் பார்த்தான். முதல் இரண்டு பேர் விலகிப் போனார்கள். மூன்றாமவன் கிட்ட வந்தான். யூதர்கள் சேர்ந்து பழகாத, தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் தயங்குகிற இனத்தைச் சேர்ந்தவன் அவன். இயேசு கதை சொன்னது, எனக்குப் பிறன் யார் என்று எல்லைக்கோடு கேட்ட ஒரு நியாயசாஸ்திரிக்கு. அந்தக் கோட்டையே அவர் அழித்துவிட்டார்.

நம் வீடுகளில் அந்தக் கோடு தினமும் போடப்படுகிறது. “அந்தத் தெருப் பிள்ளைகளோட சேராதே.” “அவங்க நம்ம ஆளுங்க இல்ல.” “அவங்க வீட்ல சாப்பிட்டியா?” குடும்ப ஜெபம் முடிந்த கையோடு இந்தப் பேச்சு நடப்பதைப் பிள்ளைகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்துச் சுவர் எழுப்பிய வரலாறு தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்துக்கு உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனின் வீட்டுக்குள் புகுந்து அவனையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்ய அது பரிந்துரைத்தது. பள்ளிக்கூடம் கயிற்றைக் கழற்றச் சொல்லலாம். வீட்டுத் திண்ணையில் பேசுகிற பேச்சைக் கழற்ற பெற்றோரால்தான் முடியும்.

சண்டே ஸ்கூல் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், “நம்ம ஊர்ல இது நடந்தா, சமாரியன் யாரா இருப்பாங்க?” என்று கேளுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக்கூடப் பதில் தெரியும். அந்தப் பதிலைக் கேட்டு நாம் பதறாமல் இருப்பதுதான் முக்கியம். “பேரெல்லாம் சொல்லக் கூடாது” என்று வாயடைத்துவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். எங்கள் பக்கத்துச் சபைகளில் அசனப் பண்டிகை நடக்கும். பெரிய பெரிய பாத்திரத்தில் சமைத்து, எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிள்ளையை அங்கே யாருக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறீர்கள் என்பதிலேயே பாதி வேதபாடம் இருக்கிறது.

கொடுப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். கிறிஸ்துமஸ் நேரத்தில் விடுதிப் பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, சபைப் பிள்ளைகள் கையால் அன்பளிப்பு கொடுக்கவைத்து, போட்டோ எடுப்பது வழக்கமாகிவிட்டது. அப்படி ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிய மாணவி ஒருத்தி என்னிடம் பேசினாள். கொடுத்தவள் அவளுடைய வகுப்புத் தோழி. மறுவாரம் பள்ளியில் அவள் முகத்தை இவளால் பார்க்க முடியவில்லை. கொடுத்த பிள்ளை மேல் எந்தத் தப்பும் இல்லை. அவளை மேடையில் நிறுத்தியது பெரியவர்கள். வேதத்தில், ஏழை விதவையான ரூத் கதிர் பொறுக்க வந்தபோது வயலின் சொந்தக்காரர் போவாஸ் என்ன செய்தார்? வேலைக்காரர்களிடம் தனியாகச் சொல்லி, வேண்டுமென்றே கதிர்களைச் சிந்தவிட்டு, அவளை யாரும் அவமானப்படுத்தக் கூடாது என்றார். வாங்குகிறவர் தலைகுனியாமல் கொடுப்பதைப் பிள்ளைகள் பழகவேண்டும். கண் தெரியாத பர்திமேயு இயேசுவைக் கூப்பிட்டபோது கூட்டம் அவனை அதட்டியது. ஆண்டவரோ அவனிடம், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். உதவுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். வீல்சேரில் இருக்கிற நண்பனைக் கேட்காமல் தள்ளுவது அவனுக்கு உதவியாக இருக்காது.

எல்லாப் பிள்ளைகளும் இரக்கத்தை ஒரே மாதிரி காட்ட மாட்டார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். ஆட்டிசம் உள்ள பிள்ளை முகத்தைப் பார்த்து ஆறுதல் சொல்லாமல் போகலாம். தனக்குப் பிடித்த பொம்மையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும். அதைக் கவனித்து ஏற்றுக்கொள்ளுங்கள். வேறு சில பிள்ளைகள் செய்தியில் பார்த்த வெள்ளத்துக்காக இரவெல்லாம் தூங்காமல் அழுவார்கள். அவர்களுக்கு இன்னும் இரக்கத்தைப் போதிக்கத் தேவையில்லை. சேர்ந்து ஒரு ஜெபம், செய்யக்கூடிய சின்ன உதவி ஒன்று, அப்புறம் நிம்மதியான தூக்கம். மிருகங்களைத் திரும்பத் திரும்ப வதைக்கிற பிள்ளை இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம். இரக்கம் என்றால் தாங்கிக்கொள்வது, மன்னித்துவிட்டு வாய்மூடி இருப்பது என்று சில பிள்ளைகள் புரிந்துவைத்திருக்கிறார்கள். பள்ளியில் அடி வாங்குகிற பிள்ளையும், தெரிந்த பெரியவர் ஒருவரால் தவறாகத் தொடப்பட்ட பிள்ளையும் “ஏழெழுபது தரம் மன்னிக்கணும்ல” என்று என்னிடம் சொன்னதுண்டு. அந்த வசனம் இருக்கிற மத்தேயு 18ஆம் அதிகாரத்திலேயே, சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லை (மாவரைக்கிற கல்லை) கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று இயேசு சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் பிள்ளைக்குச் சொல்லவேண்டும். உன்னை யாராவது காயப்படுத்தினால் உடனே சொல்லு, அது மன்னிக்காமல் இருப்பதாக ஆகாது என்று அவர்கள் காதில் விழவேண்டும். 2012இல் வந்த போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். போதகரும் சண்டே ஸ்கூல் ஆசிரியரும் பெற்றோரும் அதற்கு விலக்கு இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098, கட்டணம் கிடையாது. சண்டே ஸ்கூல் அறையில் வசன அட்டைக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கண் உயரத்தில் அந்த எண்ணை எழுதி ஒட்டிவையுங்கள். அது எதற்கென்று இந்த ஞாயிறே அவர்களுக்குச் சொல்லுங்கள்.