சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரும் தலைவர்

இதழியல் மாணவர்களுக்குக் கேலிச்சித்திரங்களைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது என் தொழில். நெப்போலியனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், 'குள்ளமானவர்' என்ற பதில்தான் முதலில் வரும். அவரது உயரம் ஏறத்தாழ 168 சென்டிமீட்டர். அன்றைய பிரெஞ்சு ஆண்களிடையே அது குறைவே இல்லை. லண்டன் ஓவியர் ஜேம்ஸ் கில்ரே 1803-இல் அவரை அடம்பிடித்துக் கூத்தாடும் சிறு மனிதனாக வரைந்தார். இருநூறு ஆண்டுகள் கழித்தும் அந்த உருவமே நிலைத்திருக்கிறது.

எதிரியைச் சிறுமைப்படுத்தும் படத்தை எவரும் இனங்கண்டுவிடலாம். சொந்த நாட்டுத் தலைவரை உயர்த்தும் படத்தில்தான் நாம் விழிப்பை இழக்கிறோம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 மே 10 அன்று, வின்ஸ்டன் சர்ச்சில் பிரிட்டனின் பிரதமரானார். நான்கே நாட்களில், ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் நாளிதழில் டேவிட் லோ வரைந்த படம் வெளியானது. முந்தைய ஆண்டுகளில் சர்ச்சிலைப் பலமுறை சாடியவர் இந்த லோ. படத்தில் சர்ச்சில் சட்டைக் கையை மடித்தபடி முன்னால் நடக்கிறார். அட்லி, பெவின், மாரிசன், சேம்பர்லின், ஹாலிஃபாக்ஸ் என்று அமைச்சர்கள் அதே வேகத்தில் உடன் வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பெருங்கூட்டம். 'நாங்கள் அனைவரும் உங்கள் பின்னால்' என்பதே அதன் செய்தி.

வகுப்பில் நான் சர்ச்சிலின் உருவத்தை மறைத்துவிட்டு மற்றவர்களைப் பார்க்கச் சொல்வேன். வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸின் முகத்தில் உறுதி தெரிகிறதா? தெரிகிறது. ஆனால் படம் வந்து இரண்டே வாரத்தில், மே 26 முதல் 28 வரை, போர் அமைச்சரவையின் மூடிய கதவுகளுக்குள் கடும் விவாதம் நடந்தது. இத்தாலி வழியாக ஜெர்மனியுடன் சமாதானத்துக்கு வாய்ப்புண்டா என்று பார்க்கலாம் என்றவர் அதே ஹாலிஃபாக்ஸ். தொடர்ந்து போரிடுவோம் என்று சர்ச்சில் வாதாடி வெல்ல வேண்டியிருந்தது. லோவின் படம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் வரைந்தது ஒரு நாட்டின் விருப்பத்தை. அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல். தலைவரைச் சுற்றி எல்லோரும் ஒரே திசையில் நடக்கும் படம் எந்தப் போரில் வந்தாலும், அந்த வாரத்துச் செய்திகளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மறுபுறமும் உண்டு. 1942 மார்ச்சில் டெய்லி மிரர் நாளிதழில் ஃபிலிப் ஜெக், மூழ்கிய கப்பலின் மாலுமி ஒருவர் நடுக்கடலில் மிதவையைப் பற்றிக் கிடப்பதை வரைந்தார். பெட்ரோல் விலை ஒரு பென்னி உயர்ந்த அறிவிப்பு அதன் கீழே இருந்தது. உயிரைக் கொடுத்துக் கொண்டுவரும் பெட்ரோலை வீணாக்காதீர்கள் என்பது அவர் நோக்கம். மாலுமிகளின் உயிரை வைத்து யாரோ லாபம் பார்க்கிறார்கள் என்று அரசு அதைப் படித்தது. நாளிதழை மூடிவிடுவோம் என்று எச்சரித்தவர் உள்துறை அமைச்சர் மாரிசன்: லோவின் படத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடந்தவர்களில் ஒருவர்.