லின்சீட் ஆயில் பெயின்ட்: ஆளிநெய்ப் பூச்சு

ஸ்வீடனில் பழைய வீடுகளைப் பேணுகிறவர்கள் மர ஜன்னல்களுக்கும் அவற்றின் சட்டங்களுக்கும் இன்றும் விரும்பிப் பூசுவது லின்சீட் ஆயில் பெயின்ட். ஆளிவிதை எண்ணெயில் நிறத்தூளை அரைத்துக் குழைத்த பூச்சு அது.

'லின்' என்பது ஆளிச்செடியைக் குறிக்கும் 'லினும்' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அச்செடியின் நாரில் நெய்த துணி லினன். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் இதே எண்ணெயை இறுகவைத்துச் செய்த தரைவிரிப்பு லினோலியம். சிலர் ஆளியைச் 'சணல்' என்று எழுதுகிறார்கள். தவறு, சணல் வேறு செடி.

வெறுமனே 'எண்ணெய்ப் பூச்சு' என்றால் போதாதா? போதாது. கடையில் ஆயில் பெயின்ட் என்று கேட்டால் பெரும்பாலும் ஆல்கைடு என்ற செயற்கைப் பிசினில் செய்த எனாமலைத்தான் தருவார்கள். எல்லா எண்ணெயும் இதற்கு உதவவும் செய்யாது. தேங்காய் எண்ணெயை மரத்தில் தடவினால் எத்தனை நாளானாலும் இறுகாது. ஆளிவிதை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, வளையும் தன்மையுள்ள படலமாகிறது. மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் ஜன்னல் சட்டத்துக்கு அந்த வளையும் தன்மைதான் வேண்டும். தடித்துப் பூசினால் மேல்பக்கம் மட்டும் இறுகித் தோல் சுருங்கிவிடும். மெல்லிய பூச்சாக, ஒன்று நன்றாக உலர்ந்தபின் அடுத்ததைப் பூச வேண்டும்.

ஆக, இங்கே 'உலர்தல்' என்பது ஈரம் ஆவியாவதன்று. வெப்பம் வெளிவிடும் வேதிவினை. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அந்த வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பற்றும். 1991-இல் அமெரிக்காவில், பிலடெல்பியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் இப்படித்தான் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தனர். துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு' சரியானதே. ஆனால் எண்ணெய் என்பதே எள்+நெய். வேப்பநெய், ஆமணக்குநெய் என்ற பழைய வழக்கில் 'ஆளிநெய்ப் பூச்சு' என்பது கச்சிதமாக இருக்கிறது. நான் இதையே பரிந்துரைப்பேன். ஆளிநெய் டப்பாவில் 'பாயில்ட்' (boiled) என்றிருப்பதைக் 'கொதித்த எண்ணெய்' என்று பெயர்க்க வேண்டாம். இன்று விற்பனையாவதில் பெரும்பாலும் உலர்வைத் துரிதப்படுத்தும் உலோக உப்புகளே சேர்க்கப்படுகின்றன. 'விரைந்துலர் ஆளிநெய்' என்பதே பொருந்தும்.